தலைவர் பிறந்த வீடு: எந்த வருடத்து வீடு அது?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஹாட்ஜன்வில் என்றொரு சிற்றூர். ஊருக்கு வெளியே ஒரு மேட்டின் மீது, கிரேக்கக் கோயில் பாணியில் பெரிய பெரிய தூண்களோடு ஒரு கல் கட்டடம் நிற்கிறது. ஏறிப் போக 56 படிகள். ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த வருடத்துக்கு ஒரு படி என்று கணக்கு. மூச்சு வாங்க மேலே போய் உள்ளே நுழைந்தால், நடுக்கூடத்தில் ஓர் ஒற்றை அறைக் குடிசை. மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்குகளில் மண் பூசியிருக்கிறார்கள். 1809 பிப்ரவரி 12-ல் லிங்கன் பிறந்த குடிசை இதுதான் என்று சொல்லித்தான் இவ்வளவு பெரிய மாளிகையை அதைச் சுற்றி எழுப்பினார்கள். 1909-ல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் அடிக்கல் நாட்டினார். 1911-ல் அடுத்த ஜனாதிபதி டாஃப்ட் வந்து திறந்துவைத்தார்.

2004-ல் அந்தக் கட்டைகளின் வயதைப் பார்த்தார்கள். மரத்தின் உள்ளே இருக்கும் வளையங்களை அளந்து, அது எந்த வருடம் வெட்டப்பட்ட மரம் என்று சொல்லிவிட முடியும். மழை நன்றாகப் பெய்த வருடம் வளையம் அகலமாக இருக்கும், பொய்த்த வருடம் ஒடுக்கமாக இருக்கும். அந்த வட்டாரத்தில் வயது தெரிந்த மற்ற மரங்களின் வளைய வரிசையோடு ஒப்பிட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். வந்த விடை: இருப்பதிலேயே பழைய கட்டை 1848-ஐச் சேர்ந்தது. லிங்கனுக்கு அப்போது 39 வயது. இலினாய் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினராக வாஷிங்டனில் உட்கார்ந்திருந்தார்.

யாரோ ஒருவர் திட்டம் போட்டு ஏமாற்றினார் என்று இதைச் சொல்லிவிட முடியாது. 1894-ல் டென்னட் என்ற நியூயார்க் வியாபாரி அந்தப் பண்ணை நிலத்தை வாங்கினார். நிலத்தில் குடிசை எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த ஒரு பழைய வீட்டின் கட்டைகள் லிங்கன் குடிசையினுடையவை என்று ஊரில் ஒரு பேச்சு. அவர் அதை வாங்கி, பிரித்து, நிலத்தில் குடிசையாக நிறுத்தினார். மறுபடி பிரித்து, 1897-ல் நாஷ்வில் நகரப் பொருட்காட்சிக்குக் கொண்டுபோனார். அங்கே லிங்கனின் எதிரணித் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் பிறந்ததாகச் சொல்லப்பட்ட குடிசையும் கூடவே காட்சிக்கு இருந்தது. பொருட்காட்சி முடிந்து மூட்டை கட்டியபோது இரண்டு குடிசைகளின் கட்டைகளும் கலந்துவிட்டன என்றும் சொல்வார்கள். உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நின்ற இருவரின் பிறந்த வீடுகள் ஒரே கோடவுனில் கலந்து கிடந்ததை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. கடைசியாக, கல் கட்டடம் எழும்பியபோது குடிசை அதற்குப் பெரிதாகத் தெரிந்தது. சுற்றி நடக்க ஆட்களுக்கு இடம் போதாது. அதனால் கட்டைகளை வெட்டிக் குடிசையைச் சிறிதாக்கினார்கள்!

இப்போது அதை நிர்வகிக்கும் அமெரிக்க தேசியப் பூங்காத் துறை, இது லிங்கன் பிறந்த குடிசை என்று சொல்வதில்லை. அடையாளத்துக்கான குடிசை என்றே சொல்கிறது. கூட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

தலைவர்கள் பிறந்த, வளர்ந்த வீடுகளைப் பார்க்கப் போகும் நாம் பெரும்பாலும் ஒன்றை மட்டும் நம்பிப் போகிறோம்: இங்கே இருப்பது அன்று இருந்தபடியே இருக்கிறது, யாரோ கதவைப் பூட்டிச் சாவியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், நமக்காக இப்போது திறந்திருக்கிறார்கள். நடப்பது அப்படி இல்லை. ஒரு குழந்தை பிறக்கும்போது அது ஜனாதிபதியாகும் என்று யாருக்கும் தெரியாது. குடும்பம் வீட்டை விற்கும், காலி செய்யும், வேறு ஊருக்குப் போகும். அடுத்து வருபவர் சுவரை இடிப்பார், குளியலறை கட்டுவார், பெயின்ட் மாற்றுவார். நாற்பது ஐம்பது வருடம் கழித்துத்தான் அந்த வீடு முக்கியமான வீடு என்று ஆகும். அப்போதுதான் ஆட்கள் வந்து, அதை எப்படியாவது பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உட்கார்ந்து யோசிப்பார்கள். ஆக, நாம் பார்க்கும் வீடு தானாக எஞ்சிய வீடு அல்ல, சில பேர் கூடி எடுத்த முடிவுகளின் வீடு.

அந்த முடிவுகளில் முதலாவது, வீட்டை என்ன செய்வது என்பது. அமெரிக்காவில் வரலாற்றுக் கட்டடங்களுக்கென்று அரசு வகுத்த விதிமுறை நான்கு வழிகளைச் சொல்கிறது. இன்றைக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே, மேற்கொண்டு சிதையாமல் காப்பது ஒன்று. அடிப்படை குணம் கெடாமல் இன்றையப் புழக்கத்துக்கு ஏற்பச் சில மாற்றங்கள் செய்துகொள்வது இன்னொன்று. ஒரு குறிப்பிட்ட காலத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பிறகு சேர்ந்ததையெல்லாம் நீக்கி, காணாமல் போனதைத் திரும்ப வைப்பது மூன்றாவது. அடியோடு போய்விட்டதை ஆதாரங்களைப் பார்த்துப் புதிதாகக் கட்டுவது நான்காவது. இளமைக்கால வீடுகளில் அதிகம் நடப்பது மூன்றாவதுதான். சிக்கலும் அதில்தான் அதிகம், ஏனென்றால் "எந்தக் காலம்?" என்று யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் வாழ்ந்தவர்களின் தடயம் மொத்தமும் போய்விடும். அவர்கள் கட்டிய திண்ணையும், ஒட்டிய சுவர்க்காகிதமும் குப்பைக்குப் போகும்.

முடிவு செய்துவிட்டால் வேலை துப்பறிவது மாதிரிதான். சுவரில் ஒரு மூலையில் பெயின்ட்டைச் சிறு சில்லாகப் பெயர்த்து நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பழைய நிறங்கள் தெரியும். பழைய புகைப்படங்கள், பத்திரங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் வரைந்து வைத்த தெரு வரைபடங்கள் எல்லாவற்றையும் தேடுவார்கள். இதெல்லாம் இருந்தும் வரவேற்பறையில் நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று காகிதத்தில் இருக்காது. அதை நினைவு வைத்திருக்கும் ஓர் ஆளைத்தான் கேட்க வேண்டும்.

ஓர் அம்மாவின் ஞாபகம்

ஆளைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜான் எஃப். கென்னடி பிறந்த வீட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரை ஒட்டிய புரூக்லைன் என்ற ஊரில், பீல்ஸ் தெரு 83-ம் எண் வீடு. 1909-ல் கட்டியது. நடுத்தர வர்க்கத்துக்கான மர வீடு, பக்கத்து வீடுகளிலிருந்து பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. 1914-ல் ஜோசஃப் கென்னடி, ரோஸ் ஃபிட்ஸ்ஜெரால்டைக் கல்யாணம் செய்துகொண்டபோது வாங்கினார். 1917 மே 29-ல், மாடிப் படுக்கையறையில், ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் ஜான் பிறந்தார். ஏன் ஜன்னல் பக்கம் என்றால், பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு வெளிச்சம் வேண்டும். பெரிய மனிதர்களின் பிறப்பைப் பற்றி எத்தனையோ அலங்காரமாகச் சொல்வார்கள். எனக்கு இந்த ஜன்னல் விவரம்தான் பிடித்திருக்கிறது.

1920-ல் குடும்பம் பெருத்து, வீடு போதாமல், ஜோசஃபின் நெருங்கிய உதவியாளர் எட்வர்ட் மூருக்கு வீட்டை விற்றுவிட்டு, சில தெருக்கள் தள்ளிப் பெரிய வீட்டுக்குப் போனார்கள். அப்போது ஜானுக்கு ஏறக்குறைய மூன்று வயது. ஆக, கென்னடி ஓடியாடி விளையாடிய, பள்ளிக்கூடம் போய்வந்த வருடங்கள் கழிந்தது அந்த இரண்டாவது வீட்டில். அது இன்றைக்கும் தனியார் வீடு, உள்ளே போய்ப் பார்க்க முடியாது. பார்க்கக் கிடைப்பது அவருக்கே அநேகமாக ஞாபகம் இல்லாத வீடு.

1961-ல் அவர் ஜனாதிபதியானபோது ஊர்க்காரர்கள் பீல்ஸ் தெரு வீட்டில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். 1963-ல் அவர் சுடப்பட்ட பிறகு ஜனங்கள் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். இடையில் வீடு வேறு வேறு கைகளுக்குப் போயிருந்தது. 1966-ல் கென்னடி குடும்பம் அதைத் திரும்ப வாங்கியது. 1917-ல் எப்படி இருந்ததோ அப்படி மாற்றும் பொறுப்பைத் தாயார் ரோஸ் கென்னடி ஏற்றுக்கொண்டார். அவருக்கு அப்போது 76 வயது. பாஸ்டனின் பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றில் வேலை பார்த்த அலங்கார நிபுணர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அறை அறையாகச் செய்தார்.

சில பொருட்கள் நிஜமாகவே அந்த வீட்டினுடையவை. கல்யாணப் பரிசாக வந்த பியானோ, குழந்தைகளை வரிசையாகக் கிடத்திய தொட்டில், ஞானஸ்நான உடுப்பு. குடும்பத்தில் யார் யார் வீட்டிலோ இருந்தவற்றைத் தேடி எடுத்து வந்தார்கள். சாப்பாட்டு அறையில் பெரிய மேஜைக்குப் பக்கத்தில் மூத்தவன் ஜோவுக்கும் ஜானுக்கும் ஒரு குட்டி மேஜை போட்டு, அதன்மேல் அவர்கள் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த வெள்ளிக் கிண்ணங்களை வைத்திருக்கிறார்கள். ரோஸ் தன் பிள்ளைகளுக்கு என்றைக்கு எந்தத் தடுப்பூசி, யாருக்கு எப்போது அம்மை, யார் எவ்வளவு எடை என்று அட்டை அட்டையாக எழுதி ஒரு பெட்டியில் அடுக்கி வைக்கும் பழக்கமுள்ளவர். ஒன்பது பிள்ளைகள், சும்மாவா! அதில் ஜானுக்கு எழுத வேண்டியது நிறையவே இருந்தது. மூன்று வயது நிறையும் முன்பே கடுமையான செங்காய்ச்சல் வந்து பிழைத்த பிள்ளை அவர்.

மற்றதெல்லாம்? அந்தக் காலத்துச் சாமான்களாகப் பார்த்து வாங்கியவை, அல்லது புதிதாகச் செய்தவை. சுவர்க்காகிதமும் திரைச்சீலையும் 1960-களில் கடையில் கிடைத்தவற்றில் பொருத்தமாகத் தோன்றியவை. இந்த மாதிரி வீடுகளில் இது சகஜம். இலினாயில் டிக்சன் என்ற ஊரில், பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் சிறுவனாக வாடகைக்கு இருந்த வீட்டைக் காட்டுகிறார்கள். கட்டில், நாற்காலி எல்லாம் காலத்துக்குப் பொருத்தமானவை, ரீகன் வீட்டினுடையவை அல்ல. ஆனால் கணப்படுப்புக்கு முன்னால் ஒரு தளர்ந்த ஓடு இருக்கிறது. அதன் கீழே சிறுவன் ரீகன் காசு ஒளித்து வைப்பானாம். பார்க்க வருபவர்களுக்கு அந்த ஓட்டின் மேல்தான் கண்.

பீல்ஸ் தெரு வீடு 1969 மே 29-ல், கென்னடி இருந்திருந்தால் 52-வது பிறந்தநாள், பொதுமக்களுக்குத் திறந்தது. அரசுக்கே குடும்பம் அதைக் கொடுத்துவிட்டது. ரோஸ் தன் குரலிலேயே ஒவ்வோர் அறையையும் விளக்கி ஒலிப்பதிவும் செய்து தந்தார். அம்மாவே நடத்திக்கொண்டு போய்க் காட்டுகிற வீடு. அதைவிட நம்பகமான சாட்சி உண்டா என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஐம்பது வருடம் முன்பு குடியிருந்த வீட்டின் சுவர் நிறம் உங்களுக்குச் சரியாக ஞாபகம் இருக்குமா? அதுவும் நடுவில் ஒரு மகன் போரில் இறந்து, ஒரு மகள் விமான விபத்தில் இறந்து, ஒரு மகன் ஜனாதிபதியாகிச் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு? வீட்டை ஒழுங்கு செய்துகொண்டிருந்த காலத்திலேயே, 1968 ஜூனில், இன்னொரு மகன் ராபர்ட்டும் சுடப்பட்டு இறந்தார். அந்தத் தாய் அடுக்கி வைத்த அறைகளில் எல்லாம் கச்சிதமாக, அமைதியாக, அழகாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஐந்து வயதுக்குக் கீழே மூன்று நான்கு பிள்ளைகள் இருந்த வீடு நிஜத்தில் அப்படி இருந்திருக்குமா என்பதைப் பிள்ளை வளர்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த வீட்டில் தங்கி வேலை பார்த்த பெண்களின் அறைகள் மேல்தளத்தில் இருந்தன. ரோஸ் சீர் செய்து காட்டிய அறைகளில் அவை சேரவில்லை.

பூங்காத் துறையின் ஆய்வாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அவர்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. ரோஸ் வைத்ததையெல்லாம் எடுத்துவிட்டு, ஆதாரங்களை மட்டும் வைத்து 1917-ஐ மறுபடி தேடலாம். இல்லையென்றால், ரோஸ் வைத்ததையே வரலாறாக எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே இன்று பீல்ஸ் தெருவில் பாதுகாக்கப்படுவது உண்மையில் 1917 அல்ல. மகனை இழந்த ஒரு தாய் 1960-களின் கடைசியில் 1917-ஐ எப்படி நினைத்துப் பார்த்தாள் என்பதுதான் அங்கே பாதுகாக்கப்படுகிறது. 1960-களில் வாங்கிய சுவர்க்காகிதம்கூட இப்போது பாதுகாக்க வேண்டிய பொருளாகிவிட்டது. என்னைக் கேட்டால் இது நேர்மையான முடிவு. பொய்யாக ஒரு 1917-ஐச் செய்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த வீட்டுக்கு இன்னொரு வருடமும் உண்டு. பாஸ்டனில் வெள்ளையர், கறுப்பினப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் கலந்து படிக்கட்டும் என்று, பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்ப நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. நகரமே கொதித்தது. உத்தரவை ஆதரித்த செனட்டர் எட்வர்ட் கென்னடி, அதாவது ஜானின் கடைசித் தம்பி டெட்டி, மீது ஆத்திரம். 1975 செப்டம்பரில் யாரோ பீல்ஸ் தெரு வீட்டின் மீது பெட்ரோல் குண்டு வீசினார்கள். சமையலறைப் பக்கம் எரிந்தது. வாசல் நடைபாதையில் "டெட்டியை பஸ்ஸில் ஏற்று" என்ற பொருளில் பெயின்ட்டால் எழுதியிருந்தது. சேதத்தைச் சரிசெய்து வீட்டை மறுபடி திறந்தார்கள். எரிந்த சமையலறையை யாரும் பார்வைக்கு வைக்கவில்லை. 1917-ஐக் காட்டும் வீட்டில் 1975-க்கு இடம் கிடையாது. வருடத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் இப்படித்தான், ஒன்றை வைக்க இன்னொன்றைத் துடைக்க வேண்டும்.

விளக்கு வருவதற்கு முன்

அதே பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கும் இன்னொரு வீட்டில் காலத்தை வேறு விதமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆர்ச்சரி என்ற குக்கிராமம். பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டருக்கு நான்கு வயதாகும்போது, 1928-ல், அவர் குடும்பம் அங்கே பண்ணை வீட்டுக்குக் குடிவந்தது. கல்லூரிக்குப் போகும்வரை அவர் வளர்ந்தது அங்கேதான். 1938-ல் அந்த வீட்டுக்கு மின்சாரம் வந்தது. வீட்டை மீட்டெடுத்தபோது எடுத்த முடிவு: மின்சாரம் வருவதற்கு முந்திய வீடாக வைப்பது.

பிறந்த தேதியையோ பதவியேற்ற தேதியையோ பிடித்துக்கொள்ளாமல், ஒரு கம்பி வீட்டுக்குள் வந்த வருடத்தை எல்லையாக வைத்தது எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகப் படுகிறது. ஏனென்றால் அதனால் வீடே பேசத் தொடங்குகிறது. மண்ணெண்ணெய் விளக்கு, விறகடுப்பு, கொல்லைப்புறக் கழிப்பறை. 1935-ல் காற்றாடி பம்பு வைத்த பிறகுதான் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வந்தது. அடியில் துளைகள் போட்ட ஒரு வாளியை மேலே மாட்டி அதைத்தான் ஷவராக வைத்துக் குளித்தார்கள். அதற்காக ஏழை வீடு என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்திலேயே அப்பா ஏர்ல் கார்ட்டர் நடத்திய மளிகைக்கடை, அதோடு ஒரு டென்னிஸ் மைதானம்கூட உண்டு! கடலைக்காட்டு நடுவே டென்னிஸ். இதைச் சொல்லாமல் விளக்கையும் வாளியையும் மட்டும் காட்டியிருந்தால் அது வேறு கதையாகியிருக்கும்.

இந்த வீட்டுக்கு இன்னொரு வசதி, வழிகாட்ட அங்கே வளர்ந்த ஆளே உயிரோடு இருந்தார். 2000-ல் பண்ணை பொதுமக்களுக்குத் திறந்தபோது கார்ட்டருக்கு 76 வயது. எது எங்கே இருந்தது என்று அவரே சொன்னார். தன் குரலில் விளக்கமும் பதிவு செய்தார். ரோஸைப் போலவே இதுவும் ஒருவருடைய ஞாபகம்தான். ஆனால் அவர் சங்கடமானவற்றையும் ஞாபகம் வைத்திருந்தார். ஆர்ச்சரியில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பண்ணையில் வேலை பார்த்த ஜாக், ரேச்சல் கிளார்க் தம்பதியின் சிறிய வீடும் இந்த இடத்தில் பார்வைக்கு உண்டு. தன்னை வளர்த்ததில் ரேச்சல் கிளார்க்குக்குப் பெரும் பங்கு உண்டு என்று கார்ட்டர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த வீட்டு ஜன்னல் ஒன்றைப் பற்றி அவர் சொன்ன சம்பவம் இது. 1938 ஜூனில் குத்துச்சண்டை வீரர்கள் ஜோ லூயிஸும் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கும் மோதினார்கள். லூயிஸ் கறுப்பினத்தவர். பக்கத்தில் குடியிருந்த கறுப்பின மக்கள் வந்து, வானொலியில் கேட்கலாமா என்று ஏர்லிடம் கேட்டார்கள். வீட்டுக்குள் அவர்களை உட்கார வைக்கும் வழக்கம் இல்லை. ஏர்ல் பேட்டரி வானொலியை ஜன்னலில் வைத்தார். அவர்கள் வெளியே முற்றத்தில் நின்று கேட்டார்கள். முதல் சுற்றிலேயே லூயிஸ் ஜெயித்துவிட்டார். முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. ஏர்லுக்கு நன்றி சொல்லிவிட்டு, மண்பாதையையும் ரயில் தண்டவாளத்தையும் தாண்டித் தங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் ஆரவாரம் வெடித்தது. அந்தச் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்டதாகக் கார்ட்டர் சொல்வார். அந்த ஜன்னலும் முற்றமும் தண்டவாளமும் இப்போதும் அங்கே இருக்கின்றன. எத்தனை பக்கம் எழுதினாலும் புரியாத நிறவெறி, எத்தனை அடி தூரத்தில் இருந்தது என்று நின்று பார்த்தால் தெரிந்துவிடும். இப்படி வீடுகளைக் காப்பாற்றுவதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

குடிசைக்கு ஏன் இவ்வளவு மவுசு

எல்லா வீட்டிலும் நோக்கம் இவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை. எளிய வீட்டில் பிறந்தேன் என்பது அரசியலில் நன்றாக விலைபோகும் சரக்கு. 1840-ல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசன் என்பவர் மரக்குடிசையையே பிரச்சாரச் சின்னமாக வைத்து ஜெயித்தார். அவர் பிறந்தது வர்ஜீனியாவில் ஒரு பெரும் பண்ணை மாளிகையில்! லிங்கன் நிஜமாகவே குடிசையில் பிறந்தவர். அதனால்தான் குடிசை இல்லாத நிலத்துக்கு ஒரு குடிசையைத் தேடிக் கொண்டுவந்து வைக்க வேண்டிய கட்டாயம் வந்தது.

பதவியில் இருக்கும்போதே தன் பிறந்த வீட்டைத் தானே கட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. லிண்டன் ஜான்சன். டெக்சஸில் அவர் 1908-ல் பிறந்த பண்ணை வீட்டை 1940-களில் இடித்துவிட்டிருந்தார்கள். 1964-ல், ஜனாதிபதியாக இருந்தபோது, பழைய புகைப்படங்களைப் பார்த்து அதே இடத்தில் மறுபடி கட்ட வைத்தார். கட்டிய வீட்டில் விருந்தாளிகளைத் தங்கவும் வைத்தார். நான்கு வழிகளில் நான்காவது என்றேனே, அதற்கு இதைவிட உற்சாகமான உதாரணம் கிடைக்காது.

இதன் இருண்ட பக்கம் ஜார்ஜியா நாட்டில், கோரி நகரத்தில் இருக்கிறது (கார்ட்டரின் ஜார்ஜியா மாநிலம் வேறு, இது காக்கசஸ் மலைப் பக்கத்து நாடு). ஸ்டாலினின் அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. ஒரு சிறிய வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். ஸ்டாலின் பிறந்து முதல் சில வருடங்கள் அங்கே இருந்தார். அவர் உச்ச அதிகாரத்தில் இருந்த 1930-களிலேயே அந்த வீட்டை நினைவிடமாக்கி, அதன்மேல் தூண்கள் தாங்கும் பெரிய மண்டபத்தைக் கட்டினார்கள். சுற்றியிருந்த தெருவும் வீடுகளும் எடுக்கப்பட்டன. அக்கம்பக்கம் இல்லாமல், வெட்டவெளியில், குடைக்குக் கீழே ஒற்றை வீடு. ஏழைத் தொழிலாளியின் வீடு அது என்பது உண்மை. ஆனால் அவரைப் போன்ற மற்ற ஏழைகள் இருந்த தெரு முழுவதையும் அழித்துத்தான் அதை நிறுத்த முடிந்திருக்கிறது. 2010-ல் கோரி நகர மையத்திலிருந்த ஸ்டாலின் சிலையை அகற்றினார்கள். வீடும் பக்கத்து அருங்காட்சியகமும் அப்படியே இருக்கின்றன.

நம் பக்கத்தில் விருதுநகரில் காமராஜர் வீடு இருக்கிறது. 1903 ஜூலை 15-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, கடையில் வேலைக்குப் போனவர். தமிழக அரசு அந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறது. ஆனால் அந்த வீட்டைப் பற்றி ஜனங்கள் பேசும்போது சிறுவன் காமராஜைப் பற்றிப் பேசுவது குறைவு. அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோதும் தாயார் சிவகாமி அம்மாள் அங்கேயே எளிமையாக இருந்ததைப் பற்றித்தான் பேச்சு. வீட்டுக்கென்று தனியாகப் போட்ட தண்ணீர்க் குழாயை எடுக்கச் சொல்லிவிட்டார் என்ற கதையைக் கேட்காத ஆள் அந்தப் பக்கம் இருக்க மாட்டார். பெயருக்குப் பிறந்த வீடு, ஜனங்கள் மனதில் அது முதலமைச்சரின் அம்மா இருந்த வீடு. அங்கே எந்த வருடத்தை நிறுத்தி வைப்பது என்று கேட்டால் 1903-ஐவிட 1950-களுக்குத்தான் ஊர் ஓட்டுப் போடும் என்று நினைக்கிறேன்.

சரி, இப்படி ஒரு வீட்டுக்குப் போனால் என்ன பார்ப்பது? வழிகாட்டியிடம் இது எந்த வருடத்து வீடாக வைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் உடனே பதில் வரும். எந்தெந்தச் சாமான் இந்தக் குடும்பத்தினுடையது, எது காலத்துக்குப் பொருத்தமாக வாங்கி வைத்தது என்று கேளுங்கள். சமைத்தவர், துணி துவைத்தவர், தோட்டத்தில் வேலை செய்தவர் எங்கே தூங்கினார் என்று கேளுங்கள். அப்புறம் வெளியே வந்து தெருவைப் பாருங்கள். வீடு மட்டும் அந்தக் காலத்தில் நிற்க, தெரு நம் காலத்துக்கு வந்திருக்கும். கென்னடிக்கு ஞானஸ்நானம் செய்த புனித எய்டன் தேவாலயம் பீல்ஸ் தெருவிலிருந்து நடக்கும் தூரம்தான். அது இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு.

பிளெய்ன்ஸில் இப்போது இந்தக் கேள்வி மறுபடியும் எழுகிறது. 1961-ல் ஜிம்மி கார்ட்டரும் மனைவி ரோசலினும் அந்த ஊரில் ஒரு தளம் மட்டுமே உள்ள சாதாரண வீடு ஒன்றைக் கட்டினார்கள். ஆளுநர் மாளிகையிலும் வெள்ளை மாளிகையிலும் இருந்த வருடங்கள் போக, கடைசிவரை வாழ்ந்தது அங்கேதான். தச்சு வேலையில் கார்ட்டருக்குப் பிரியம் அதிகம், வீட்டு மரச்சாமான்கள் சிலவற்றை அவரே செய்தார். 2023 நவம்பரில் ரோசலின் இறந்தார். 2024 டிசம்பர் 29-ல், நூறு வயது தாண்டி, ஜிம்மியும் போனார். இருவரையும் அந்த வீட்டு வளாகத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். வீட்டைப் பூங்காத் துறைக்குக் கொடுப்பதென்று அவர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். கடலை வியாபாரி கட்டிய 1961-ஆ, ஜனாதிபதித் தேர்தலுக்கு நின்ற 1976-ஆ, படுக்கையில் கிடந்து வீட்டிலேயே மருத்துவப் பராமரிப்பு பெற்ற கடைசி இரண்டு வருடங்களா? 1976 என்றால் அதற்குப் பிறகு அவர் செய்த நாற்காலிகளை வெளியே எடுக்க வேண்டும்.